ஸ்டார்ட்டப்பில் வைத்த குரல்

தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். படிக்க வைத்தது அக்கா. அவள் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனாள். சம்பளம் வாங்க அப்போதும் கைநாட்டுதான்.

சென்டரில் இருந்த நாலு மிசினில் ஒன்றுக்கு மட்டும் ஸ்பீக்கரும் மைக்கும் உண்டு. ஒரு மத்தியானம் ஷிப்ட் முடிந்து எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு அக்கா வந்தாள். அவளிடம் கொஞ்சம் பெருமை காட்டிக்கொள்ளலாம் என்று மைக்கை நீட்டினேன்.

"பேசுக்கா."

"இதுக்குள்ள பேசுனா எங்குட்டுடா போகும்?"

"எங்குட்டும் போகாது. உள்ளயே இருக்கும்."

"அப்ப உன்னய வையக் கூடாது, நல்லதாத்தான் பேசணும்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏ பிள்ளைகளா, உங்க வாத்தியாரு காலையில இருந்து சாப்பிடல. பசியில கத்துனாருன்னா கோவிச்சுக்கிறாதீக." பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது.

விண்டோஸில் ஸ்டார்ட்டப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் எதைப் போட்டாலும், மிசினைப் போட்டதும் அது தானாகவே ஓட ஆரம்பிக்கும். அக்காவின் குரலை அதற்குள் இழுத்துப் போட்டேன். அதன் பிறகு தினமும் காலையில் மிசின் திறந்ததும் அவள் பேசினாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே, "சார், சாப்டீகளா?" என்பார்கள்.

மூன்று மாதம் கழித்து அக்காவுக்கு மஞ்சள் காமாலை. பதினோரு நாள்தான் இருந்தாள்.

துக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்றும் மிசின் அப்படித்தான் திறந்தது. விஷயம் தெரியாத புதுப் பையன் ஒருவன், "சார், அக்கா வந்துட்டாக" என்று கத்தினான். பழைய பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்று பாடம் நடத்த முடியவில்லை.

எங்கள் ஊரான கல்லலில் இருந்த அம்மா, அக்காவின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "மூஞ்சி இருக்குய்யா. வாயத்தான் தெறக்க மாட்டேங்குறா" என்றாள். குரல் என்னிடம் இருக்கிறது என்று நான் சொன்னபோது என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வருவதாகச் சொன்னாள்.

அந்த வாரம்தான் சென்டர் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "என்னப்பா, இந்த மிசின் எந்திரிக்கிறதுக்குள்ள நான் போயி டீ குடிச்சுட்டு வந்துரலாம் போலயே. உள்ள என்னென்னத்தப் போட்டு வச்சிருக்க?"

அவர் சொன்னதும் நிஜம்தான். டைப்பிங் பழகுகிற புரோகிராம், காலண்டர், ஃபேக்ஸ், வைரஸ் பார்ப்பது என்று எல்லாம் ஸ்டார்ட்டப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சனிக்கிழமை ஒவ்வொன்றாக எடுத்தேன். அக்காவையும் எடுத்தேன். அவள் பேச்சு இனி எல்லார் முன்னாலும் தானாக வர வேண்டாம், அம்மாவுக்கு மட்டும் நானே போட்டுக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஸ்டார்ட்டப்பில் இருப்பது வெறும் ஷார்ட்கட், அதை அழித்தாலும் அசல் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று வகுப்பில் எத்தனையோ தடவை போர்டில் எழுதிப் போட்டவன் நான். ஒரு பயமும் இல்லாமல்தான் அழித்தேன். டிஸ்க்கில் இடமில்லை என்று, அழித்ததெல்லாம் போய்க் கிடக்கும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். சாயங்காலம் வரை டிஃப்ராக் ஓடவிட்டு, டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் ஒழுங்காக அடுக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். குரலைப் பதிந்து வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. டிஸ்க் முழுக்கத் தேடினேன். இல்லை.

புரோகிராம்களை இழுத்துப் போட்டால்தான் ஷார்ட்கட் உண்டாகும். ஒலி ஃபைலை இழுத்துப் போட்டால் அசலே அங்கே நகர்ந்துவிடும். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பின்னைக் காலி செய்து டிஃப்ராக்கும் ஓட்டிவிட்டதால் இனி மீட்கவும் வழியில்லை. ஒரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்து வைத்திருக்கலாம். மேசை டிராயரில் பத்துக்கு மேல் கிடந்தன.

"அழிச்சுட்டேம்மா" என்றேன். "நாந்தான் தெரியாம அழிச்சுட்டேன்."

அவளுக்கு அது பிடிபடவில்லை. "போட்டதும் தானாப் பேசுவான்னியேய்யா."

"பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நேத்து எடுத்துட்டேன்."

"ஒருக்கா அமத்திட்டுப் போடு. நான் வந்திருக்கேன்ல, பேசுவா."

வராது என்று தெரிந்தேதான் மிசினை அணைத்துவிட்டுப் போட்டேன். முன்னைவிடச் சீக்கிரமாகத் திறந்தது. அக்கா பேசவில்லை.

"இன்னொருக்கா" என்றாள் அம்மா. இந்தத் தடவை முக்காட்டை விலக்கிவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டாள். விண்டோஸ் திறக்கும்போது அதற்கென்று வருகிற சங்கீதம் வந்தது. அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"இதுவா?"

"இல்லம்மா. அது மிசினோட சத்தம்."

அவள் காதை எடுக்கவில்லை. நான் மறுபடியும் அணைத்தேன்.