நான் இரண்டே நகர்வில் வைத்த செக்மேட்

போன சனிக்கிழமை காலை முழுவதும் ஒரு கறுப்பு ராஜாவைத் துரத்திக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது கூடத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். என் மகள் நிவேதா ஆறாம் வகுப்பு. பள்ளிச் செஸ் அணியில் ஒரேயொரு இடம் மிச்சம். அதற்கு இரண்டு பேர் — நிவேதாவும், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்து வீட்டுத் தர்ஷினியும். யாரைச் சேர்ப்பது என்று பார்க்க, செஸ் சார் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போர்டைப் படம் பிடித்துப் போட்டார்.

"வெள்ளை நகர்த்தணும். மூணு நகர்வுல செக்மேட். கறுப்பு எங்க ஓடினாலும் தப்பக்கூடாது. ஒருத்தருக்கு ஒரு விடைதான். பிள்ளைங்களே செய்யணும்."

கடைசி வரியை நான் படிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். படித்தேன்.

தர்ஷினியின் அம்மா சாந்தி அக்கா கொழுந்து பறிப்பவர். காலையில் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போனால் மாலையில்தான் வீடு. நான் ஏ.எல். பரீட்சை பாஸ், தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். ஆனால் ஹட்டன் போட்டியில் கிண்ணம் வாங்கியது யார் மகள்?

"எப்படிக்கா சொல்லிக்குடுக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"எனக்கு என்னாங்க டீச்சர் தெரியும்? குதிரை எது, யானை எதுன்னே தெரியாது. அவ பாட்டுக்கு ஆடுறா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டு வாரம் என் வீட்டிலேயே குடியிருந்தது.

ஆகவே... போனில் செஸ் ஆப்பை இறக்கினேன். படத்தில் தெரிந்தபடியே காய்களை வைத்தேன். ஆப் இரண்டே நகர்வில் செக்மேட் காட்டியது! சார் கேட்டதே மூன்றுதானே? நிவேதாவின் பெயர் போட்டு உடனே அனுப்பினேன். "அனுப்பியாச்சு, நீ போய் விளையாடு" என்று அவளையும் விரட்டிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் சாரின் வொய்ஸ் மெசேஜ். குழுவில், எல்லோரும் கேட்கும்படி.

"நிவேதா அம்மா, கறுப்புப் பக்கமிருந்து எடுத்ததுன்னு படத்துக்குக் கீழேயே சின்னதா எழுதியிருந்தேனே. போர்டைத் தலைகீழா வச்சிட்டீங்க, சிப்பாய் போற பக்கமே மாறிருச்சு. உங்க ராணியை அந்தக் கறுப்புச் சிப்பாய் வெட்டிரும். ஒரு விடைதான்னு சொல்லிட்டேன்... மன்னிச்சுக்குங்க."

'நிவேதா' என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? 'நிவேதா அம்மா'!

நிவேதா தன் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். மூன்று நகர்வும் அதில் இருந்தன. ராஜா மூலைக்கு ஓடினால் என்ன, நடுவுக்கு வந்தால் என்ன — எல்லாம் பென்சிலில், சரியாக.

"ஏன்டி அனுப்பச் சொல்லல?"

"நீங்கதான் அனுப்பியாச்சுன்னு சொன்னீங்களே."

இடம் தர்ஷினிக்குப் போனது. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நேற்று ஞாயிறு. மதியச் சோறு முடிந்ததும் போர்டைத் தூக்கிக்கொண்டு தர்ஷினி வீட்டுக்குக் கிளம்பினாள்.

"ரெண்டு பேரும் இங்கேயே ஆடலாமே?"

"அங்கதாம்மா யோசிக்க முடியுது."

"அப்படி என்ன செய்றாங்க சாந்தி அக்கா?"

"தூங்குவாங்க. நல்லா குறட்டை விடுவாங்க."

கிண்ணத்தின் மேல் இருந்த பொறாமை போய்விட்டது. இப்போது அந்தக் குறட்டையின் மேல்தான்!