வாளிச் சத்தத்துக்கு வந்த மான்கள்

ஊரப்பாக்கத்தில் ஏரியை ஒட்டி ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறு விலங்குப் பூங்காவில் மான்களைப் பார்த்துக்கொண்டவர் கிபாயத்துல்லா. மான் பகலெல்லாம் புதருக்குள் படுத்துக் கிடக்கும். சீட்டு வாங்கி வந்தவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றையும் காணோம் என்று திட்டிவிட்டுப் போவார்கள். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாயிற்று. கூட்டம் சேர்ந்ததும் தவிட்டு வாளியின் அடியில் அரிவாள் பிடியால் இரண்டு தட்டு. தட்டிய கை இறங்குவதற்குள் புள்ளிமான்கள் வேலியோரம் வந்து நிற்கும்.

சுனாமிக்கு மறுவருடம், அங்கே பிறந்த மான்களில் ஒரு கூட்டத்தை மலையடிக் காட்டில் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. கிபாயத்துல்லாவுக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. அவை வெளியே பிழைத்துக் கிடந்தால் தன் ஆயுசில் உருப்படியாக ஒன்று நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். மனைவி நூர் பீவியின் தம்பி ஷாகுலுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"இன்னா மச்சான், ஊர்ல காட்லேர்ந்து புடிச்சிக்கினு வந்து கூண்டுல போடுவாங்க. நீ கூண்டுலேர்ந்து இட்டுக்கினு போய் காட்ல வுட்ற. ரிட்டன் டிக்கெட் எடுத்துட்டியா?"

கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: போகும்வரை அவற்றைப் பின்கட்டில் தனியே வைக்க வேண்டும், மனித முகம் தெரியக் கூடாது, வாளிச் சத்தம் காதில் விழக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு காணும் பொங்கல் வந்தது. பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் சுப்பராயலு மைக்கும் கையுமாகப் பின்கட்டுக்கு வந்தார்.

"பாய், காட்டுக்குப் போற மானைக் காட்டாம நான் எதை வெச்சி வனவிலங்குப் பாதுகாப்பு பத்திப் பேசறது? இன்னிக்கு ஒருநாள்தான்."

"டாக்டரம்மா கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க சார்."

"அவங்க லீவு."

கிபாயத்துல்லா தட்டினார். ஒருநாள் என்பது பள்ளிக்கூட பஸ் வந்த நாளெல்லாம் என்றாயிற்று. பிள்ளைகளின் கைதட்டல் அவருக்கும் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

காட்டில் லாரியின் கதவைத் திறந்தபோது மான்கள் இறங்கின, ஆனால் போகவில்லை. கிபாயத்துல்லாவைச் சுற்றி நின்றன. கையை வீசி விரட்டினார். கல்லை எடுத்து எறிந்தார். ஒரு பெட்டையின் விலாவில் கல் பட்டது. அது துள்ளி விலகி, மறுபடியும் அவரிடமே வந்து அவர் கையை முகர்ந்தது.

"பழகிடும், வாங்க," என்றார் சுப்பராயலு. படம் எடுத்து முடித்திருந்தார்.

பருவமழை தொடங்கும்போது வனக்காவலர் ரவி போன் செய்தார். மலையடிக் கிராமத்துப் பெண்கள் விடியலில் தெருக்குழாயடியில் வாளியை வைக்கும் சத்தம் கேட்டு மான்கள் ஊருக்குள் இறங்கியிருக்கின்றன. முதலில் ஜனங்கள் வாழைப்பழத் தோல் போட்டார்கள். அப்புறம் நாய்கள் தெரிந்துகொண்டன.

"ஒண்ணும் மிஞ்சலண்ணா. எல்லாம் ஒரே எடத்துக்கு வந்துச்சு. நாய்ங்களுக்குத் தேடற வேலைகூட இல்ல."

மானின் பாதி அதன் பயம். வேலிக்குள்ளே தீனி கொடுக்கலாம், மருந்து கொடுக்கலாம், குட்டி போட வைக்கலாம். பயத்தைக் கொடுக்க அங்கே யாருக்கும் மனம் வராது. உடம்பை மட்டும் பெருக்கிவிட்டு இனத்தைக் காத்தோம் என்பது, விதைநெல்லை வறுத்துப் பத்தாயத்தில் பத்திரப்படுத்துவதைப் போன்றது. பூங்கா வாசலில், காட்டுக்குத் திரும்பிய மான்கள் என்று படத்தோடு வைத்த பலகையை எடுக்கச் சொல்லி கிபாயத்துல்லா கேட்டார். "விட்டது உண்மைதானே பாய்," என்றார் சுப்பராயலு.

அடுத்த கூட்டத்துக்கு என்று குட்டிகளைப் பிரித்தார்கள். கிபாயத்துல்லா யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். காலையில் வாளியைத் தட்டுவார், குட்டிகள் ஓடிவரும், பொடிக்கற்களை அள்ளி அவற்றின்மேல் எறிவார். தீனியை ஓசைப்படாமல் தொலைவில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாளாக ஆக, சத்தம் கேட்டதும் குட்டிகள் தலைதெறிக்க ஓடக் கற்றுக்கொண்டன.

சேலையூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்த அன்று சுப்பராயலு தட்டச் சொன்னார். கிபாயத்துல்லா தட்டினார். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புதருக்குள் மறைந்தன; ஒன்று வேலியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொண்டது. பிள்ளைகள் அழுதார்கள். பூங்கா ஆள் விலங்குகளை அடிக்கிறான் என்று ஆசிரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விசாரணையில் கிபாயத்துல்லா கல் எறிந்ததை ஒளிக்காமல் சொன்னார். மேலாளர் தேவானந்தம் கேட்டார். "என்னா பாய், இத்தனை வருஷம் இல்லாம?"

"அடுத்த வாட்டி அதுங்க ஓடணும் சார்."

"ஓடிட்டா வர்ற புள்ளைங்க எதைப் பார்க்கும்?"

கிபாயத்துல்லா ஜாஸ்மினைப் பார்த்தார். அவர் குட்டியின் மூக்குக்குத் தையல் போட்டுவிட்டு வந்திருந்தார். "கல்லால அடிக்கச் சொல்லி நான் சொல்லலயே பாய்," என்றார். அதுவும் உண்மைதான்.

அவரை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். "போனா போது," என்றாள் நூர் பீவி. "ஸ்கூட்டர எங்க நிறுத்தினியோ அங்கியே கீது. அதுக்கு இன்னா கத்துக் குடுக்கணும்?"

மான்களுக்கு ஜெபின் என்று புது ஆள் வந்தார். நல்ல மனிதர், இரக்கமுள்ளவர். கையில் கேரட்டோடு உள்ளே போய்க் குந்தியிருந்தார். குட்டிகள் அவர் மடியில் தலை வைக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.