ஒன்பது மாதத் தூசி

அந்தச் சுற்றறிக்கை எனக்கு வந்துகொண்டிருந்த பத்து வருடங்களில் ஒரே ஒரு தடவைதான் நேரத்துக்கு வந்தது. அந்தத் தடவையும் தாமதமாகவே வந்து தொலைத்திருக்கலாம்.

மதுரையில் எம்.எஸ்ஸி. படித்தபோது என் பேராசிரியர், வடக்கே உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அஞ்சல் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டார். கோள்களை ஆராய்கிறவர்களுக்கான செய்திகளும் வாய்ப்புகளும் என்று தலைப்பிட்டு, சைக்ளோஸ்டைல் செய்த ஆறேழு தாள்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நான் அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து, திருச்சுழிக்கு அப்பால் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஆனேன். பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் பக்கங்களில் செய்திகள் இருக்கும். வெள்ளிக் கோளில் ஈயம் உருகும் அளவுக்குச் சூடு என்று எழுதியிருப்பார்கள். சித்திரை மாதம் இரண்டு மணிக்கு வீரசோழனிலிருந்து வரும் பஸ்ஸுக்காகப் புளியமரம்கூட இல்லாத ரோட்டில் நின்றுகொண்டு அதைப் படித்திருக்கிறேன். செவ்வாய்க் கோள் முழுவதையும் புழுதிப் புயல் மூடிவிட்டது, வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொரு முறை வந்தது. எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் அதற்குப் புயல் என்றெல்லாம் பெயர் கிடையாது, காத்து என்போம்.

கடைசிப் பக்கத்தில் வாய்ப்புகள். ஆய்வு உதவியாளர் தேவை, பயிற்சி வகுப்பு, கருத்தரங்குக்குப் பயணச் செலவு. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அந்தத் தேதி முடிந்து இருபது நாள் கழித்துத் தாள் என் கைக்கு வரும். கல்யாணம் ஆகிப் போனவனின் ஜாதகத்தைத் தரகர் கொண்டுவந்து காட்டுவது மாதிரி. ஆனாலும் ஒரு வரி விடாமல் படிப்பேன். படித்துவிட்டு எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்த உட்காருவேன்.

நிலாவில் ஆள் இறங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. மார்கழியில் வந்த சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில், கடைசித் தேதிக்குப் பதிலாகத் தொடங்க வேண்டிய தேதி போட்டிருந்தது. அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வானத்திலிருந்து விண்கல் தூசி எப்போதும் பூமியில் விழுந்துகொண்டே இருக்கிறதாம். எரிந்து, உருகி, கண்ணுக்குத் தெரியாத கருப்பு இரும்பு உருண்டைகளாக வந்து படிகிறதாம். ரயிலும் ஆலையும் அடுப்புப் புகையும் இல்லாத வறண்ட இடங்களில் இருக்கும் ஆசிரியர்கள், அகலமான எனாமல் பாத்திரம் ஒன்றை உயரத்தில் வைத்து, இடையில் காலி செய்யாமல் ஒன்பது மாதம் தூசி பிடித்து, காற்றையும் மழையையும் தினமும் குறித்து அனுப்ப வேண்டும். நல்ல மாதிரி அனுப்புகிறவர்களில் ஒருவருக்கு அந்த நிலையத்திலேயே இரண்டு வருட வேலை. வயது முப்பதுக்கு மேல் போகக் கூடாது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது. தூசியும் வறட்சியும்தான் தகுதி என்றால் இந்த ஊரை மிஞ்ச யாரால் முடியும்? வாழ்க்கையில் முதல்முறையாக, ஊரால் எனக்கு ஒரு பிரயோசனம் வந்தது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

வீட்டில் வைக்க முடியாது. எங்களுடையது நெசவாளர் தெரு, பக்கத்தில் சாய அடுப்புகள், கொஞ்சம் தள்ளி மில். அதனால் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் வைத்தேன். பொங்கல் கழித்து ஒரு வெள்ளை எனாமல் பேசினை ஏற்றி, காக்காய்க்கு எட்டாதபடி மேலே கம்பிவலை கட்டி, நான்கு பக்கமும் கல் கொடுத்தேன். அன்றிலிருந்து காலை ஒருமுறை, மாலை ஒருமுறை மரஏணியில் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்துப் போனேன். கோடை விடுமுறையிலும் போனேன். கண்டக்டர், “பள்ளிக்கூடமே பூட்டிக் கெடக்கு, நீங்க யாருக்கு டீச்சர் பாடம் நடத்துறீக?” என்பார். சித்திரையில் ஒரு மழை பெய்து அரைப் பேசின் நிறைந்தது. நான்கே நாளில் காய்ந்தும் போனது. ஆடிக் காற்றில் வலை இரண்டுமுறை பிய்ந்தது. நான் இளைத்துப் போனதாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு எப்போதும் தூக்கம் வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் நானும் என் அப்பாவும் மட்டும்தான். அம்மா நான் கல்லூரியில் இருந்தபோதே போய்விட்டாள். வீட்டில் பேசுவது தெலுங்கு, அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேசியதை இங்கே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அவருக்குக் குழித்தறி ஒன்று. காலையில் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். ஆனால் என் வேலையை அவர் வேலை என்று ஒத்துக்கொண்டதே இல்லை. “பேசிட்டு வர்றதுக்குச் சம்பளம் குடுக்குறாக” என்று தெருவில் சொல்லுவார். வேடிக்கையாகத்தான் சொல்லுவார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

பேசினைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், எதற்கு என்பார். வேலைக்கு என்றால், எங்கே என்பார். ரயிலில் மூன்று நாள் போக வேண்டிய ஊர், உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? வேலை கிடைத்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். “ஸ்கூல் மாடியில ஒரு சோதனை வச்சிருக்கேன் நைனா” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சரி என்றார்.

புரட்டாசிக் கடைசியில் ஒன்பது மாதம் முடிந்தது. தீபாவளிக்கு முன்னால் தபாலில் சேர்க்க வேண்டும். சரஸ்வதி பூஜையைப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் முன்னதாகவே கும்பிட்டு முடித்துவிட்டு லீவு விட்டார்கள். நான் ஏணியில் ஏறி வலையைக் கழற்றினேன். பேசின் அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு படலம், ஓரங்களில் மழை காய்ந்த வளையங்கள். அவ்வளவுதான் என் ஒன்பது மாதம். மேலே சுத்தமான வெள்ளைத் துணியைப் போட்டு நூலால் இறுக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள் துணி கட்டிய பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, “முளைப்பாரியா தாயி? எந்தக் கோயிலுக்கு?” என்று கேட்டு நகர்ந்து இடம் விட்டாள். இல்லை என்று சொல்லவும் தெம்பில்லாமல் தலையை ஆட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருச்சுழி முதல் அருப்புக்கோட்டை வரை ஒவ்வொரு குழிக்கும் பேசினை அரை அடி தூக்கித் தூக்கிப் பிடித்துக் கை மரத்துப்போனது.

வீட்டுக்கு வந்ததும் அதைத் தறிக்கூடத்துப் பலகையில் வைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த காந்தத்தையும் பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்தேன். தூசியை மயிலிறகால் கூட்டிக் கவரில் போட்டு ஒட்ட ஒரு மணி நேரம் ஆகும். உட்கார்ந்தால் செய்திருக்கலாம். விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் நான் மன்னிக்காத ஆள் ஒருத்தி உண்டென்றால், அன்றைக்குப் படுத்த அவள்தான்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் தெருவில் அன்றைக்குத் தறி ஓடாது. குறுக்கே நூல் ஓட்டும் நாடா, அச்சு, நூல் சுற்றும் தார்க்குச்சி, ராட்டை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பார்கள். அரிவாள்மனையும் படிக்கல்லும்கூடத் தப்பாது. எனக்கு இது தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அந்தப் பேசினை ஓர் ஆயுதமாக நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

அது தண்ணீர்ப் பஞ்சக் காலம். காலையில் இரண்டு குடத்தோடு குழாயடி வரிசைக்குப் போனவள், ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வர மூன்று மணி நேரம் ஆனது. வாசலில் மாவிலை கட்டியிருந்தது. தறிக்கூடத்தில் சாம்பிராணிப் புகை. தறிக்கு முன்னால் வாழையிலை விரித்து, நடுவில் என் பேசின் இருந்தது. பளபளவென்று, மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. அதன் இருபக்கமும் காந்தமும் பூதக்கண்ணாடியும், அவற்றுக்கும் பொட்டு. அப்பாவின் நாடாவும் அச்சும் ஓரமாகத் தள்ளி இருந்தன.

குடத்தை இறக்கி வைத்தேனா, போட்டேனா என்று நினைவில்லை.

“பாத்தியா, புதுசு மாதிரி ஆயிருச்சு” என்றார் அப்பா. “சாம்பலும் புளியும் போட்டு விளக்குனேன். உப்புத்தண்ணி தொடல, பானையில இருந்த நல்ல தண்ணியிலதான் கழுவுனேன்.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “வருசா வருசம் என் நாடாவுக்கே பொட்டு வச்சுக்கிட்டு இருந்துட்டேன். நீயும் ஏழு வருசமா பஸ்ஸுல போயி வந்து பாடுபடுற. ஒம் ஆயுதம் எதுன்னு எனக்குத் தெரியல, நானும் கேக்கல. நேத்து நீ அதை மடியில வச்சுக் கொண்டாந்தப்பத்தான் தெரிஞ்சுது. அதான் ஒன்னுத நடுவுல வச்சேன்.”

அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்தார். பாதி அதுவும்தான். ஏழு வருடமாக இவர் வாயிலிருந்து என்ன வரவேண்டும் என்று காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. அது வந்த விதத்தைப் பார்த்தால் யார்மேல் கோபப்படுவது?

அவர் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போனபோது பின்பக்கம் ஓடினேன். கழுவின தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றியிருந்தார். எங்கள் ஊரில் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட யாருக்கும் மனசு வராது. பூஜையில் வைத்த காந்தத்தை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். ஈர மண்ணில் உருட்டினேன். மயிர் முளைத்தது போல இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் எது வானத்தது, எது அடுப்புச் சாம்பல், எது மில் புகை? சொல்லவே முடியாது. காந்தத்தைத் துடைத்து, அழிந்த பொட்டை என் விரலால் மறுபடி வைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

லீவு முடிந்ததும் ஒரு காரியம் செய்தேன். பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி, மூலையில் கிடந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டிக் கவரில் போட்டேன். அதே மாடி, அதே ஒன்பது மாதம், யாருக்குத் தெரியப்போகிறது? கவரை ஒட்டி விலாசமும் எழுதிவிட்டேன். பிறகு ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கவரைப் பிரித்து, மாதக்கணக்கில் கண் வலிக்க ஒவ்வொரு துகளாகப் பார்க்கப்போகிறவன் யாரோ என்னைப் போன்ற ஓர் ஆள். அவனை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மிதித்துக் கிளப்பிய மண்ணைப் பார்க்க வைக்க மனம் வரவில்லை. கவரைக் கிழித்துக் கொட்டினேன்.

காற்றும் மழையும் குறித்த நோட்டை மட்டும் அனுப்பினேன். மாதிரி ஏன் இல்லை என்று எழுத வேண்டும். ஆயுத பூஜை என்றால் என்ன, என் அப்பா என்றால் யார் என்று ஆங்கிலத்தில் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அடித்தேன். கடைசியில், சுத்தம் செய்கையில் மாதிரி வீணாகிவிட்டது என்று ஒரே வரி. ஒத்துழைப்புக்கு நன்றி என்று அச்சடித்த அட்டை வந்தது. தையில் எனக்கு முப்பது முடிந்தது.

சுற்றறிக்கை நிற்கவில்லை. அடுத்த இதழில் வேலைக்கு எடுக்கப்பட்டவர் பற்றி ஒரு செய்தி இருந்தது. யாரோ ஒரு வாத்தியார், ராஜஸ்தான் பக்கம் ஏதோ பாலைவனத்து ஊர். அவர் வீட்டில் பாத்திரத்தைக் கழுவ ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பா நாடாவை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஒன் பேசின் எங்கம்மா? அதை மொதல்ல கழுவணும்” என்றார்.

பரணில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருடமாக அரிசி களையக்கூட நான் அதை எடுக்கவில்லை. கொஞ்சம் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், திடீரென்று ஞாபகம் வந்தவராகக் கேட்டார்.

“ஆமா, போன வருசம் இதுல அடியில கருப்பா அப்பிக்கிட்டு இருந்துச்சே, தேச்சுத் தேச்சுக் கை ஓஞ்சு போச்சு. அது என்னதும்மா?”

“தூசிதான் நைனா.”

“அதான பாத்தேன்” என்றார். “நல்லவேள, நான் பாத்துக் கழுவுனேன்.”