சாய விரலோடு ஓட்டுப் போடப் போனது

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியது மளிகைச் சீட்டும் கையெழுத்தும்தான். வாக்கியம் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயதாகிவிட்டது, முன்னது பின்னதாகவும் மாறிப்போகும். ஆனால் அந்த ஓட்டு விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆரணியில் வாடகை வீட்டில் தறி போட்டுப் பிழைத்தோம். என் வீட்டுக்காரர் தறியில் உட்காருவார். நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுவேன். சுற்றிக் கட்டிய நூல் கழியைக் கோலில் மாட்டி, கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கித் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். பிறகு அலச வேண்டும். தண்ணீர் குடம் குடமாகப் போகும். எங்கள் தெருவில் குழாய் கிடையாது. அடுத்த தெருவுக்குப் போய், அங்கே இருக்கிறவர்கள் பிடித்து முடித்த பிறகு நாங்கள் பிடிப்போம். சில நாள் அதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

ஒருமுறை எம்.எல்.ஏ. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். நான் இடுப்பில் குடத்தோடு வாசலில் நிற்கிறேன். வந்த ஆள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணாத்தே, வூட்ல எத்தினி ஓட்டு?"

"ஒண்ணுதாங்க" என்றார் இவர், தறியை நிறுத்தாமல்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு ஓட்டு இல்லைதான். "கொஞ்சம் தள்ளுமா" என்று சொல்லி, நான் நின்ற இடத்துக்குப் பின்னால் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பசைத் தண்ணீர் என் புடவையில் சொட்டியது.

அதற்குச் சில வருஷம் கழித்து நகராட்சித் தேர்தல் வந்தது. ரொம்ப காலமாக அந்தத் தேர்தலே நடக்காமல் அதிகாரிகளே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்டுக்கு ஒரு ஆளை நாமே தேர்ந்தெடுக்கப் போகிறோம், குழாயைப் பற்றி அந்த ஆளைக் கேட்கலாம் என்று தெருவில் பேச்சு. அப்போதே எனக்கு மனசில் விழுந்துவிட்டது, இந்த முறை நானும் போடுவேன் என்று.

புதிதாக எழுதிய பெயர்ப் பட்டியலைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "வாமே, எம் பேரு கீதான்னு பாத்து சொல்லு" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் பெயர் இருந்தது. என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. மேலிருந்து கீழ்வரை விரலை வைத்து மறுபடியும் பார்த்தேன். இல்லை.

"இன்னாமே, உன்னுது இல்லியா? அப்ப நீ இன்னும் எங்க ஊருக்கே வந்து சேரலடி!" என்று அக்கா சிரித்தாள்.

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் வெம்பாக்கம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, பிள்ளைகளும் பெற்று, இந்த ஊர்த் தண்ணீரைத்தானே இத்தனை காலம் சுமக்கிறேன். எனக்குச் சுருக்கென்று இருந்தது. விசாரித்தால், பெயர் எழுத வந்தவருக்கு வீட்டு ஓனரே எல்லாருக்குமாகப் பதில் சொல்லியிருக்கிறார். குடியிருக்கிறவர்களில் ஆம்பிளைகள் பெயரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நகராட்சி ஆபீசுக்கு நான் தனியாகப் போனது அன்றுதான் முதல் தடவை. வாசலில் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்து, பிறகு போனேன். கிளார்க் தலை நிமிராமல், "வூட்டுக்காரரை அனுப்பும்மா" என்றார்.

"அவரு பேரு கீது சார். என்னுதுதான் இல்ல."

"அதுக்கும் அவரே வந்தா போதும்."

"பேரு என்னுதாச்சே சார்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னா?" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

படியில் உட்கார்ந்து எழுதினேன். பெயர், வயது, கணவர் பெயர், வீட்டு எண். அப்போது இருபத்தொரு வயது ஆகியிருந்தால்தான் ஓட்டு. எனக்கு அதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருக்கிற ஒருவர் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். "நீ ஊருக்கு வரலன்னு நாந்தானே சொன்னேன். நானே கூட்டினு வந்து சேக்கறேன்" என்று சொல்லி, கட்டைவிரலில் மை தடவி அழுத்தினாள். பிறகு ஒரு நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ரேஷன் கார்டைக் காட்டினேன். கடைசியில் சேர்த்த பெயர்கள் என்று தனியாக ஒரு தாள் வந்தது, அதில் என் பெயர் இருந்தது.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். பட்டியலை ஒட்டுகிற போதே போய்ப் பார்த்துவிட வேண்டும். ஓட்டுப் போடுகிற அன்றைக்குப் போய் அழுதால் ஒன்றும் நடக்காது.

ஓட்டு நாள் வந்தது. முகூர்த்த மாசம், வேலை நெருக்கடி. முதல் நாள் முழுக்கக் கருநீலச் சாயம். சாயக்காரி கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும், நாங்கள் கவனிப்பதே இல்லை. குளித்து, நல்ல புடவை கட்டி, அக்காவோடு வரிசையில் நின்றேன்.

உள்ளே ஒருவர் என் பெயரைச் சத்தமாகப் படித்தார். வீட்டில் எல்லாரும் என்னை 'இந்தா' என்றோ 'அம்மா' என்றோதான் கூப்பிடுவார்கள். அத்தனை பேர் நடுவில் என் பெயரைக் கேட்டதும் உடம்பு ஒரு மாதிரி ஆனது. அடுத்த மேஜையில் மை வைக்கிறவர் என் இடது கையைப் பிடித்துப் பார்த்தார். வந்தவாசிப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் என்று அப்புறம் சொன்னார்கள்.

"ஏம்மா, ஏற்கெனவே போட்டுட்டு மறுபடியும் வந்திருக்கியா?"

"சாயங்க சார்" என்றேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"பத்து விரலும் நீலம். அப்ப பத்து ஓட்டா?"

வரிசை சிரித்தது. எனக்குப் பின்னால் நின்ற அக்கா விடவில்லை. "ஏன் சார், பத்து விரலுக்கும் மை வெக்கிற அளவுக்கா உங்ககிட்ட மை கீது?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

கட்சி ஏஜெண்டுகள் இருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். நான் சாயம் போடுகிறவள் என்று நன்றாகத் தெரியும். அவர்களைப் பார்த்தேன். இருவரும் குனிந்து கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள். நான் யாருக்குப் போடுவேன் என்று இருவருக்கும் தெரியாதே, பிறகு எதற்கு வாயைத் திறப்பார்கள்?

பெரிய அதிகாரி எழுந்து வந்தார். வயதானவர், பொறுமையாகத்தான் பேசினார். "நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம்மா. ஆனா நாங்க வெக்கிற மை தெரியணும் இல்லையா? ஒரு விரலையாவது சுத்தம் பண்ணிட்டு வாங்க. அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க."

வெளியே வந்தேன். வேகமாக வீட்டுக்கு நடந்து, இவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"விடு, ஒரு ஓட்டுதானே. இதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார் இவர்.

"உங்களுதும் ஒரு ஓட்டுதாங்க. காலைல போய் போட்டுட்டுதானே வந்தீங்க?" என்றேன். அவரிடம் நான் அப்படி எதிர்த்துப் பேசியதில்லை. பேசிவிட்டு முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் போய்க் குந்தினேன். சவுக்காரம் போட்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். தோலில் கொஞ்சம் வெளுத்தது, நகக்கண்ணில் அசையவில்லை. தறிச் சத்தம் நின்றது. இவர் செங்கல் துண்டு ஒன்றை இடித்துத் தூளாக்கிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். நூல் அலச வைத்திருந்த தண்ணீர் அது. நான் தேய்த்தேன். அவர் ஊற்றினார்.

"ஜல்தி போ" என்றார் கடைசியில்.

மறுபடியும் வரிசையில் நின்றேன். முறை வந்ததும் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினேன். மற்ற விரலெல்லாம் நீலம், இது மட்டும் தோல் உரிந்து சிவந்துபோய் நின்றது. வாத்தியார் பார்த்தார். பெரிய அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"வலிக்குமேம்மா" என்றார் வாத்தியார், இப்போது மெதுவாக.

"வெய்யுங்க சார்."

மை பட்டதும் நெருப்பாக எரிந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போய், முத்திரையைக் குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டேன். யாருக்கு என்று இன்றுவரை இவரிடமும் சொல்லவில்லை.

வெளியே ஏஜெண்டுகளில் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். "இன்னாக்கா, நம்மளுக்குத்தானே?" என்று சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை. பயத்தால் அல்ல. அது ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் என்னிடம் இருந்தது.

குழாய் உடனே வந்துவிடவில்லை. ஜெயித்தவர் வீட்டுக்கு நாங்கள் பெண்கள் காலிக் குடத்தோடு போய் நின்ற கதை தனி. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்து எத்தனை ஓட்டு என்று கேட்டார்கள். தறியிலிருந்து இவர், "வாசல்ல நிக்கிறாங்க பாரு, அவங்களையே கேளு" என்றார். "ரெண்டு" என்றேன்.

நகராட்சித் தேர்தலில் அன்று கொடுத்தது ஒரு சீட்டா, தலைவருக்கென்று இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தார்களா என்று சரியாக ஞாபகம் இல்லை. படிவத்தில் சாட்சி போட்டது அக்கா மட்டும்தானா என்பதிலும் சந்தேகம். கேட்க இப்போது அவள் இல்லை. இப்போதைய வழிமுறையும் நிறைய மாறியிருக்கும். விவரம் தெரிந்தவர் யாராவது இதைப் படித்துப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் திருத்திக் கொடுங்கள். விரல் எரிந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.