தாளம் போட மறந்த பாட்டு

எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். ஒரு பாட்டின் கடைசி மூன்று நிமிடத்துக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வழுதக்காட்டில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். பக்கத்து நாற்காலித் தோழியின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிடி கொண்டுவந்தார். ஏதோ வெளிநாட்டு எலெக்ட்ரானிக் குழு. தங்கள் பாட்டு ஒன்றை ஒன்பது பேரிடம் கொடுத்து, அவரவர் இஷ்டத்துக்குப் பிரித்துக் கோத்துத் தரச் சொல்லி, ஒன்பதையும் ஒரே ஆல்பமாகப் போட்டிருந்தார்கள். ரீமிக்ஸ் என்ற சொல்லையே அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டில் கேட்டோம். முதல் எட்டும் ஆட்டம் போட வைக்கிற ரகம். கதவைச் சாத்திக்கொண்டு ஆடவும் செய்தோம். ஒன்பதாவதில் தாளமே இல்லை. காற்று வீசுகிற மாதிரி ஓர் ஒலி, அதன் மேல் ஒரு பெண் குரல், அவ்வளவுதான். ஆடிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாதி ஓடுவதற்குள் பஸ் வந்துவிட்டது என்று தோழியின் அம்மா குரல் கொடுத்தாள். ஓடினேன். பஸ் கிழக்கேகோட்டை வரும்வரை அந்தக் குரல் அடுத்து எங்கே போயிருக்கும் என்று மனசுக்குள் இழுத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

செவ்வாய் இரவு அண்ணன் விமானம் ஏறுகிறார், சிடியும் கூடவே போகிறது. திங்கட்கிழமை கெஞ்சி வாங்கி, சாலைக் கடைத்தெருவில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த நாகர்கோவில் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். எங்கள் வலியசாலைத் தெருவுக்கே கேசட் பதிந்து கொடுப்பவர் அவர்தான். மறுநாள் மாலை போனபோது முகமெல்லாம் சிரிப்பாகக் கேசட்டை நீட்டினார்.

"ஒன்ன நல்லா ஏமாத்தியிருக்கானுவ மக்களே. ஒரே பாட்ட ஒம்பது தடவ போட்டு வச்சிருக்கான். நான் நல்லதா ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டு, மிச்ச எடத்துல சினிமாப் பாட்டாப் போட்டு நெறச்சிட்டேன், பாத்துக்க."

"கடைசிப் பாட்டு, அண்ணாச்சி?"

"அதா? அதுல தாளம் போடவே மறந்துட்டான். அத நான் தொடல."

உபகாரம் செய்த மனிதரைத் திட்டக்கூடாது. திட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புதுக் கேசட்டுல இப்பமே போட்டுருவோம்" என்றார். அந்தக் காலத்தில் ஒன்பது நிமிடப் பாட்டைப் பதிய ஒன்பது நிமிடம் ஆகும். தினமும் ஏழு மணிக்கு அரைமணி நேரப் பவர்கட். ஏழரைக்குத் தோழியின் அண்ணன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறார். நான் திட்டி முடித்தபோது ஏழடிக்க இன்னும் ஆறு நிமிடம்.

"கவலப்படாத, கரண்ட்காரன் என்னைக்கும் பிந்தித்தான் கட் பண்ணுவான்" என்று அண்ணாச்சி பொத்தானை அமுக்கினார். அன்றைக்கு அவன் பிந்தவில்லை. ஏழடித்ததும் கடை இருண்டு, குரல் பாதிச் சொல்லில் நின்றது. சிடி வேறு உள்ளே மாட்டிக்கொண்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துக் கொடுத்தார். ஆட்டோவில் பறந்து, கார் நகர்கிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

ஆறு நிமிடப் பாட்டு மிஞ்சியது. தினமும் போடுவேன். நிற்கிற இடத்தில் அழுகை வரும்.

"அறுந்துபோறதுன்னு தெரிஞ்சுண்டே எதுக்குடி அதையே போடறே?" என்பாள் அம்மா.

அலுவலகத்துக்கு இன்டர்நெட் வந்து, பாட்டெல்லாம் கம்ப்யூட்டரில் கிடைக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் மதிய இடைவேளையில் தேடினேன். கிடைத்தது. ஆறாவது நிமிடத்தைத் தாண்டியும் குரல் அறுந்துபோகவில்லை. ஏழில் குரல் மெல்ல விலகிப் போனது. எட்டில் காற்றும் அடங்கியது. ஒன்பதில், எங்கோ தூரத்தில் ஆரம்பித்து, தாளம் வந்தது. நான் சிரித்த சிரிப்பில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

பாட்டை மொபைலில் ஏற்றிக்கொண்டு அன்று மாலையே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். அண்ணாச்சி இப்போது ரீசார்ஜ் கார்டு விற்றுக்கொண்டிருந்தார். இயர்போனை அவர் காதில் மாட்டினேன். எனக்காகப் பொறுத்துக்கொண்டு கேட்டார். ரீசார்ஜுக்கு வந்தவரைக் கை காட்டி நிறுத்தினார். ஒன்பதாவது நிமிடத்தில் அவர் விரல் கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்ட ஆரம்பித்தது.

"மறக்கல மக்களே. பிந்திப் போட்டிருக்கான். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

இயர்போனைக் கழற்றிவிட்டுப் பரணைப் பார்த்தார்.

"அந்தக் கேசட்டு இருக்கா? இருந்தா கொண்டா. பழைய ரெக்கார்டிங் டெக்கு பரண் மேலதான் கெடக்கு. மிச்ச மூணு நிமிசத்தையும் போட்டுத் தாரேன்."

மறுநாள் கொண்டுபோனேன். இந்தத் தடவை காலையிலேயே போய்விட்டேன்.