நூறு கிலோவும் இன்சாஃபும்

தொண்ணூற்றைந்து கிலோ எடைக்கம்பியைத் தரையிலிருந்து இடுப்புவரை இழுத்து நிமிர்ந்துவிடுவாள் இன்சாஃப். நூறு மட்டும் முழங்காலைத் தாண்டாது. கோடை முடிந்ததிலிருந்து இதே கதைதான். அலெக்சாந்திரியாவின் மீன் சந்தையில் காலையெல்லாம் மீன் ஆய்ந்துவிட்டு, செதில் ஒட்டிய கையோடு பயிற்சியாளர் கேப்டன் ஃபிக்ரியின் நிலவறை உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓடுவாள். நூறை ஏற்றுவாள், இழுப்பாள், தோற்பாள். மறுநாளும் அதேதான்.

"கொஞ்ச நாள் கம்பியில எடையக் குறைம்மா. உடம்பு தேற வேணாமா?" என்பார் கேப்டன்.

"குறைச்சா இருக்கிறதும் போயிடும் கேப்டன்!"

கூடவே பயிற்சி செய்யும் நாத்தனார் தவ்லத்துக்குச் சிரிப்பு தாங்காது. "அண்ணி, எங்கண்ணனக் கட்டினீங்களா, இந்தக் கம்பியக் கட்டினீங்களா?"

ஜனவரியில் புயல் அடித்தது. அலை சாலைக்கு ஏறி, நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து, கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. படகுகள் கடலுக்குப் போகாததால் சந்தையிலும் வேலையில்லை. கை பரபரக்க, இன்சாஃப் சமையலறையில் எரிவாயு உருளையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வைங்க கீழ! விழுந்துச்சுன்னா கீழ்வீட்டு ஹாஜாப் பாட்டி துடைப்பத்தோட வருவாங்க!" என்று தவ்லத் கத்தினாள்.

வேறு வழியின்றி இன்சாஃப் அடங்கினாள். பருப்புச் சூப்பும் முட்டையும் வயிறாரச் சாப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் தூங்கினாள். ஆனால் கண் விழித்ததும் ஒரே பயம்: எல்லாம் போயிருக்கும், இனி எண்பதுகூட வராது.

ஒரு வாரத்துக்கும் மேலாகித்தான் கூடம் திறந்தது. ஈர நாற்றம் இன்னும் போகவில்லை. எண்பதைப் பிடித்தாள், வெறுங்கம்பி மாதிரி வந்தது. சந்தேகத்தோடு தொண்ணூற்றைந்து. சட்டென்று நிமிர்ந்து நின்றாள்.

"நூறு ஏத்துங்க கேப்டன்!"

கம்பி தரையைவிட்டுக் கிளம்பியது. முழங்காலருகே வந்து, பழையபடி நின்றது. தொடைகள் வெடவெடத்தன.

"விடாதீங்க அண்ணி! இழுங்க, இழுங்க!"

மெல்ல நகர்ந்தது. முழங்காலைத் தாண்டியது. அடுத்த கணம் தோளை விரித்து நேராக நின்றாள் இன்சாஃப். தவ்லத் போட்ட குலவையில் தெருவில் போனவர்கள் சன்னல்வழியே குனிந்து பார்த்தார்கள்.

"கேப்டன், ஓய்வுதான் வேலை செஞ்சிருக்கு!"

"இத்தன நாளா நான் என்ன பாட்டா பாடிட்டிருந்தேன்?"

"சரி சரி, நூத்தியஞ்சு ஏத்துங்க!"

"ஒரு கிலோகூட ஏத்த மாட்டேன். வீட்டுக்குப் போயி சாப்பிடு!"

இன்சாஃப் வாதாட வாயெடுத்தாள். பிறகு தானே சிரித்துவிட்டு, தவ்லத்தை அலாக்காகத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு படியேறினாள்.

"இறக்குங்க அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்டீ! நல்லாப் பாக்கட்டும்!"