மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் கட்டிய வாழை

என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அங்கிருந்துதான் நான் சொல்லத் தொடங்க வேண்டும். போன ஓணத்துக்கு முன்னால் கலூரில் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கும் அது கேட்டுவிட்டது.

மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்த எங்களுக்கு மட்டாஞ்சேரியில் ஒற்றை அறை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கட்டிலில் கிடப்பார். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார்; சர்க்கரைத் தண்ணீரில்தான் உயிர் ஓடியது. "எனக்காகச் செபம் பண்ணாத, ஜெசிந்தா" என்றார். அதோடு பேச்சும் நின்றுபோயிற்று. நான் கேட்பேனா? ஒளிந்து ஒளிந்து செபித்தேன். முதலில் அவர் நடக்க வேண்டும் என்று கேட்டேன். பிறகு உட்கார்ந்தால் போதும் என்றேன். கிறிஸ்துமஸ் வந்தபோது ஒரு வாய் கஞ்சிதான் கேட்டேன். அதுவும் கிடைக்கவில்லை. போகட்டும், சாகட்டும் என்றுகூட மனசு சொன்னது. ஆண்டவர் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு.

ஜனவரியில், நட்சத்திரத்தைப் பார்த்துத் தெய்வப் பாலனைத் தேடிப் போன மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. எதிர்வீட்டு ரோசிலிச் சேச்சி திருச்சூர்ப் பக்கத்துக்காரர். அவர்கள் ஊரில் திருநாளுக்கு முந்தைய மாலை வாசலில் வாழை நட்டு விளக்கேற்றுவார்களாம். பற்றிக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் இல்லை. வாழை கட்ட நமக்குத் தெரியாதா, தூத்துக்குடிக்காரி ஆயிற்றே! பள்ளுருத்தியில் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு மரம் கேட்டு வாங்கி, இலையும் பூவும் குலையுமாகக் கொண்டுவந்து கதவோரம் கட்டினேன்.

சேச்சி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இலையெல்லாம் கழித்து, பட்டையை உரித்து, வெள்ளைத் தண்டை மட்டும் நட்டு அதில்தான் விளக்குகளைக் குத்த வேண்டுமாம். "இது கல்யாண வீட்டு வாழையல்லே மோளே" என்றார். அவிழ்க்க எனக்குத் தெம்பில்லை. அடியில் அகல்களை ஏற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே கட்டிய புருஷன் சாகக் கிடக்கிறார், வாசலில் கல்யாண வாழை. இதைவிடக் கேவலம் உண்டா?

தெருவில் காய்வண்டி தள்ளிக்கொண்டு போன தமிழ்க்காரர் ஒருவர் நின்றார். "யாருக்கு அக்கா கல்யாணம்?" என்று கேட்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"எனக்குத்தான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஓடினேன். அவர் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. "பொண்ணு எதுக்கு அழுவுது?" என்றார். அழுகையும் சிரிப்பும் எனக்குச் சேர்ந்து வந்தன. கஞ்சியை எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

வாழையைத் தப்பாகக் கட்டிவிட்டதைச் சொன்னேன். விளக்கு தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார்.

"அந்த ராஜாக்களும் முதல்ல வீடு மாறித்தான போனாங்க, ஏரோது வீட்டுக்கு. அதுக்காக நட்சத்திரம் கோவிச்சுக்கிட்டுப் போயிடலயே" என்றார்.

அவர் இன்னும் நடக்கவில்லை. நடப்பார் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். முதுகில் புண் வருகிறது. பேசாமல் கிடக்கிற நாட்களும் வருகின்றன. ஆனால் சாப்பிடுகிறார். சாயங்காலச் செபத்தை அவரே தொடங்குகிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிடக்கலாம். முறையாகச் செபிக்கத் தெரியவில்லையே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. தெரிந்த மாதிரி கேளுங்கள், தப்பாகவாவது கேளுங்கள். நான் ஆண்டவருக்கு நன்றி சொல்வதே என்னுடைய அந்தத் தப்புக்காகத்தான்.